மெல்வழுத் தொகையீட்டுச் சமன்பாடுகளும் நிறமாலை முறைகளும்

வளைந்த கம்பி ஒன்றின் வழியே உராய்வின்றி வழுக்கி இறங்கும் மணி, எந்த உயரத்திலிருந்து விடப்பட்டால் எவ்வளவு நேரத்தில் அடியை அடையும் என்பது கம்பியின் வடிவத்தைப் பொறுத்தது. வடிவம் தெரிந்திருந்தால் நேரத்தைக் கணிப்பது கடினமன்று. அதைத் தலைகீழாக்கி, ஒவ்வோர் உயரத்துக்கும் உரிய இறங்கு நேரம் கொடுக்கப்பட்டிருந்தால் கம்பியின் வடிவத்தை மீட்டெடுக்க இயலுமா என்ற வினாவை, இருபது வயதை ஒட்டியிருந்த நார்வே நாட்டுக் கணித அறிஞர் நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் 1823ஆம் ஆண்டில் எழுப்பி, அதற்கு முழுமையான விடையும் தந்தார். ஆற்றல் அழிவின்மை விதிப்படி, மணியின் வேகம் அது இறங்கிய உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டையும் கடக்கும் நேரம், அத்துண்டின் நீளத்தை உயர வேறுபாட்டின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைப்பதற்கு நேர்விகிதமானது. இச்சிறு நேரங்களையெல்லாம் கூட்டினால் மொத்த நேரம் வரும். அந்தக் கூட்டலுக்குள்தான் அறியப்படாத வடிவம் மறைந்திருக்கிறது. எந்த உயரத்திலிருந்து விட்டாலும் நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கேட்டால், ஆபெலின் விடை சைக்ளாய்டைத் தருகிறது. அதாவது நேர்கோட்டில் உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைவைத் தருகிறது. இவ்வளைவின் இப்பண்பை ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டிலேயே வடிவியல் வழியில் கண்டிருந்தார். ஆபெல் அதை ஒரு பொதுமுறையின் தனி நேர்வாக்கினார்.

கண்டறிய வேண்டிய சார்பு தொகையீட்டுக் குறிக்குள் அகப்பட்டிருக்கும் சமன்பாடு தொகையீட்டுச் சமன்பாடு எனப்படும். அச்சார்போடு பெருக்கப்பட்டு நிற்கும் தெரிந்த இருமாறிச் சார்புக்குக் கரு என்று பெயர். ஒரு மாறி விடை கேட்கப்படும் இடத்தையும், மற்றது தொகையிடும்போது நகர்ந்து செல்லும் இடத்தையும் குறிக்கும். தொகையீடு தொடக்கத்திலிருந்து கேட்கப்படும் இடம் வரை மட்டுமே நீண்டால் அது வோல்ட்டெரா வகை. கடந்த காலம் மட்டுமே நிகழ்காலத்தைப் பாதிக்கும் நிகழ்வுகளுக்கு உரியது. இத்தாலியின் வீட்டோ வோல்ட்டெரா 1896இல் இவ்வகைக்குப் பொதுக்கொள்கை வகுத்தார். தொகையீடு முழு இடைவெளியிலும் நீண்டால் அது ஃபிரெட்ஹோம் வகை. சுவீடனின் ஈவார் ஃபிரெட்ஹோம் அதற்கான கொள்கையை 1903இல் விரிவாக வெளியிட்டார். அறியாச் சார்பு தொகையீட்டுக்குள் மட்டும் இருந்தால் முதல் வகைச் சமன்பாடு என்றும், வெளியிலும் தனியே நின்றால் இரண்டாம் வகைச் சமன்பாடு என்றும் மேலும் ஒரு பிரிவு உண்டு.

ஆபெலின் கருவில் ஒரு சிக்கல் இருக்கிறது. உயர வேறுபாடு சுழியத்தை நெருங்க நெருங்க, அதன் வர்க்கமூலத்தின் தலைகீழ் எல்லையின்றிப் பெருகுகிறது. இவ்வாறு ஒரு சார்பு அல்லது அதன் வகைக்கெழு கட்டுக்கடங்காமல் போகும் இடம் வழுப்புள்ளி எனப்படும். ஆயினும் எல்லா வழுக்களும் ஒரே வலிமை உடையவை அல்ல. ஓர் எண்ணின் வர்க்கமூலத்தின் தலைகீழைச் சுழியத்திலிருந்து ஒன்று வரை தொகையிட்டால், சார்பு சுழியத்தில் முடிவிலிக்குச் சென்றபோதிலும், அதன் கீழுள்ள பரப்பு சரியாக 2 என முடிவுறுகிறது. வர்க்கமூலம் எடுக்காமல் எண்ணின் தலைகீழையே தொகையிட்டாலோ பரப்பு முடிவிலியாகிவிடும். தொலைவின் தலைகீழ், சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் அடுக்கில் நிற்கும் கருக்களும், தொலைவின் மடக்கையாக வரும் கருக்களும் மெல்வழுக் கருக்கள் என்று வகைப்படுத்தப்படுவதன் காரணம் இதுவே: கரு முடிவிலியைத் தொட்டாலும் தொகையீடு பொருளுடையதாகவே இருக்கிறது.

இத்தகைய கருக்கள் கணித அறிஞர்களின் கற்பனையில் பிறந்தவை அல்ல. ஆழமான திடப்பொருள் ஒன்றின் மேற்பரப்பில் வெப்பம் செலுத்தப்படும்போது, மேற்பரப்பின் இப்போதைய வெப்பநிலை, இதுவரை செலுத்தப்பட்ட வெப்பத்தையெல்லாம் கடந்த நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துத் தொகையிட்டுப் பெறப்படுகிறது. செலுத்தப்படும் வெப்பமே மேற்பரப்பு வெப்பநிலையைச் சார்ந்திருந்தால் நேரியல் அல்லாத வோல்ட்டெரா சமன்பாடு எழுகிறது என்பதை மானும் வுல்ஃபும் 1951இல் ஆராய்ந்தனர். நிலநடுக்க அலைகள் வந்துசேரும் நேரங்களிலிருந்து, பூமியின் உள்ளே ஆழத்துக்கு ஆழம் அலைவேகம் எவ்வாறு மாறுகிறது என்று கணிக்க ஹெர்க்லாட்ஸும் வீகெர்ட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை, ஆபெலின் தலைகீழ் வாய்பாட்டையே அடித்தளமாகக் கொண்டது. பக்கவாட்டில் அளக்கப்பட்ட ஒளிச்செறிவிலிருந்து உருளை வடிவச் சுடரின் உட்கட்டமைப்பை மீட்பதும் அதே வாய்பாடுதான்.

எண்வழிக் கணிப்பில் இச்சமன்பாடுகள் தரும் தொல்லை இரண்டு இடங்களில் எழுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது இத்துறையில் மிக முதன்மையானது. முதலாவது, தொகையீட்டையே கணிப்பது. சம இடைவெளிப் புள்ளிகளில் மதிப்புகளைக் கூட்டும் வழக்கமான விதிகள், கருவின் மதிப்பை அது முடிவிலியாகும் இடத்திலேயே கேட்கின்றன. அவ்விடத்தை மட்டும் தவிர்த்துவிட்டாலும் பிழை மிக மெதுவாகவே குறைகிறது. இரண்டாவது தொல்லை ஆழமானது: கருவின் வழு விடையிலும் தன் தடத்தைப் பதித்துவிடுகிறது. எளிய சான்று ஒன்றைக் கொள்ளலாம். ஒரு சார்பு, ஒன்றிலிருந்து, தன் கடந்தகால மதிப்புகளைக் கழிந்த நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துத் தொகையிட்ட அளவைக் கழித்தால் கிடைப்பதாக இருக்கட்டும். இங்கே கொடுக்கப்பட்ட வெளித்தரவு ஒன்று என்னும் மாறிலி; அதைவிட வழவழப்பான சார்பு இருக்க முடியாது. ஆயினும் விடை ஒன்றில் தொடங்கி, முதலில் நேரத்தின் வர்க்கமூலத்தின் இரு மடங்கு அளவில் இறங்குகிறது. அதற்கடுத்த உறுப்பு நேரத்தைப் பை என்னும் மாறிலியால் பெருக்கியதாக வந்து, இறக்கத்தை ஓரளவு தணிக்கிறது. வர்க்கமூலத்தின் சாய்வு சுழியத்தில் முடிவிலி. ஆகவே விடையின் மதிப்பு தொடக்கத்தில் தொடர்ச்சியாக இருந்தும், அதன் முதல் வகைக்கெழுவே அங்கு இல்லாமல் போகிறது. இச்சமன்பாட்டுக்கு முழு விடையும் கையில் இருக்கிறது: சுவீடனின் மிட்டாக்-லெஃப்லர் 1903இல் அறிமுகப்படுத்திய, அவர் பெயரையே தாங்கும் சார்பின் ஒரு தனி வடிவம் அது. சரியான விடை தெரிந்திருப்பதால், புதிய முறைகளைச் சோதிக்கும் உரைகல்லாக அது விளங்குகிறது.

இடைவெளியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தாழ்ந்த படியுள்ள பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தும் முறைகள் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. துண்டுகள் சமநீளமாக இருந்தால், ஒவ்வொன்றிலும் எவ்வளவு உயர்ந்த படியுள்ள கோவையை வைத்தாலும், வர்க்கமூலக் கருவுக்குப் பிழை துண்டு நீளத்தின் வர்க்கமூலம் அளவிலேயே குறையும். அதாவது ஒரு தசம இடம் கூடுதலாகப் பெற நூறு மடங்கு துண்டுகள் வேண்டும். முதல் துண்டில் செங்குத்தாகச் சரியும் விடையை எந்தக் கோவையும் பிடிக்க இயலாததே காரணம். இதற்குப் பரிகாரமாக, தொடக்கப் புள்ளிக்கு அருகில் துண்டுகளை நெருக்கமாகவும் தொலைவில் தளர்வாகவும் அமைக்கும் படிநிலை வலைகள் வந்தன. ஹெர்மன் புரூன்னரின் ஆய்வுகளும், 2004இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூலும் இதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தன. முறை சரியானதே, ஆனால் அதற்கொரு விலை உண்டு. நான்காம் வரிசைத் துல்லியம் வேண்டுமானால், வர்க்கமூலக் கருவுக்கு வலைப்புள்ளிகளை எட்டாம் அடுக்கில் நெருக்க வேண்டும். அப்போது நூறு துண்டுகள் கொண்ட வலையில் முதல் புள்ளி, 1இன் பின் பதினாறு சுழியங்கள் கொண்ட எண்ணின் தலைகீழ் அளவில் அமைகிறது. கணினியின் இரட்டைத் துல்லிய எண்களில் ஒன்றுக்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையே ஒத்த சிறுமை அது. அங்கே வட்டமிடல் பிழை தலைதூக்காமல் இருக்க மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.

நிறமாலை முறைகள் வேறு பாதையில் செல்கின்றன. ஒளியை அதன் நிறங்களாகப் பகுப்பதுபோல், இவை விடையை முழு இடைவெளியிலும் பரந்து நிற்கும் சில அடிப்படைச் சார்புகளின் கூட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எந்த அளவில் கலந்திருக்கிறது என்ற கெழுக்களைக் கண்டறிய முயல்கின்றன. அலைபோலத் திரும்பத் திரும்ப வரும் சார்புகளுக்குச் சைன், கோசைன் அலைகள் பொருந்தும். முனைகள் உள்ள இடைவெளிக்குச் செபிசேவ் கோவைகளும் லெஜாந்தர் கோவைகளும், இவ்விரண்டையும் தனி நேர்வுகளாகக் கொண்ட ஜாக்கோபி கோவைகளும் பயன்படுகின்றன. நீராவிப் பொறிகளின் இணைப்புத் தண்டுகளை ஆராயும் முயற்சியில் ரஷ்ய அறிஞர் செபிசேவ் 1854ஆம் ஆண்டுக் கட்டுரையில் கண்டெடுத்த கோவைகள், ஒரு கோணத்தின் முழுஎண் மடங்குகளின் கோசைனை அக்கோணத்தின் கோசைனால் எழுதுவதால் கிடைப்பவை. அதனால்தான் 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம் இவற்றுக்கும் நேரடியாகப் பயன்படுகிறது. இக்கோவைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. அதாவது, ஓர் எடைச் சார்போடு பெருக்கித் தொகையிட்டால் வெவ்வேறு படியுள்ள இரண்டின் பெருக்கல் சுழியமாகும். இடைவெளியில் தேர்ந்த சில புள்ளிகளில் மட்டும் சமன்பாடு சரியாக நிறைவேற வேண்டும் என்று கோரினால் அது புள்ளிப் பொருத்த முறை. அப்புள்ளிகளைச் சம இடைவெளியில் எடுத்தால் முனைகளில் விடை கட்டின்றி ஊசலாடும் என்று ருங்கே 1901இல் காட்டினார். ஆகவே இக்கோவைகளின், முனைகளில் நெருங்கி நிற்கும் சுழியங்களே புள்ளிகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இம்முறைகளின் வலிமை முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையில் தங்கியிருக்கிறது: விடை வழவழப்பாக இருக்க வேண்டும். கலப்பெண் தளத்தில் இடைவெளியைச் சூழ்ந்த ஒரு நீள்வட்டத்துக்குள் விடை ஒழுங்காக விரிந்தால், செபிசேவ் கெழுக்கள் பெருக்குத் தொடர்போல் சரிகின்றன என்பதும், அந்த நீள்வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சரிவு கூடுகிறது என்பதும் செர்கேய் பெர்ன்ஸ்டைன் 1912இல் நிறுவிய உண்மை. அடுக்குக்குறிச் சார்பை மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரையிலான இடைவெளியில் எடுத்துக்கொண்டால், 13ஆம் படி வரையான 14 கெழுக்களே பிழையைப் பதினைந்தாம் தசம இடத்துக்குத் தள்ளிவிடும். மெல்வழுச் சமன்பாட்டின் விடையிலோ வர்க்கமூலம் இருக்கிறது. சுழியத்திலிருந்து ஒன்று வரை வர்க்கமூலத்தை நூறாம் படிக் கோவையால் எவ்வளவு நன்றாகத் தோராயம் செய்தாலும், மிகப்பெரிய பிழை ஏறத்தாழ 0.0014க்குக் கீழே இறங்காது. படியைப் பத்து மடங்காக்கினால் பிழை பத்தில் ஒன்றாகும், அவ்வளவே. இந்த எண்ணும் பெர்ன்ஸ்டைனின் ஆய்விலிருந்தே வருகிறது: ஓர் எண்ணின் வர்க்கத்தின் வர்க்கமூலம் அதன் தனி மதிப்பே என்பதால், வர்க்கமூலத்துக்கான பிழை, மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரை தனி மதிப்புக்கு இரு மடங்கு படியில் வரும் பிழையே. 1914இல் அவர் தனி மதிப்புச் சார்பை ஆராய்ந்து, பிழையையும் படியையும் பெருக்கினால் அது ஒரு மாறிலியை நெருங்கும் என்று காட்டி, அம்மாறிலி பையின் வர்க்கமூலத்தின் இரு மடங்குக்குத் தலைகீழாக, அதாவது 0.2821 என இருக்கலாம் என்று கருதினார். 1985இல் வர்காவும் கார்ப்பென்டரும் மிகு துல்லியக் கணிப்பால் அது 0.2802 என்று கண்டு, எழுபது ஆண்டுக் கருதுகோளை முறியடித்தனர். கணித அறிஞரின் ஊகத்தைக் கணினியின் எண்கள் திருத்திய அந்நிகழ்வு, எண்வழிப் பகுப்பாய்வின் வரலாற்றில் பெருமைக்குரிய இடம் பெறத்தக்கது.

ஆக, நிறமாலை முறையை மெல்வழுச் சமன்பாட்டின் மீது அப்படியே ஏற்றினால் பயன் கிட்டாது. ஆனால் இங்கே ஒரு சாதகம் உண்டு. எந்த இடத்தில், எந்த வடிவில் வழு வரும் என்பது சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு முன்பே தெரியும். கருவின் அடுக்கே அதைச் சொல்லிவிடுகிறது. இந்த முன்னறிவைக் கணிப்பின் அடிப்படையிலேயே சேர்த்துவிடுவதுதான் கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் பலவற்றுக்கும் பொதுவான கருத்து.

முதல் தொல்லையான தொகையீட்டுக்கு, ஜாக்கோபி கோவைகளின் எடைச் சார்பே மருந்தாகிறது. தொடக்கத்திலிருந்து கேட்கப்படும் நேரம் வரையுள்ள, ஒவ்வொரு முறையும் நீளம் மாறும் இடைவெளியை, மாறி மாற்றத்தின் மூலம் ஒரே நிலையான இடைவெளியாக நீட்டிக்கொண்டால், கருவின் வழு எப்போதும் வலது முனையில் ஒரே அடுக்குடன் வந்து நிற்கிறது. அந்த அடுக்கையே எடையாகக் கொண்ட ஜாக்கோபி கோவைகளின் சுழியங்களில் காஸ் விதியைப் பயன்படுத்தினால், முடிவிலிக்குச் செல்லும் காரணி விதியின் எடைகளுக்குள் கரைந்துவிடுகிறது. மதிப்பிட வேண்டியது எஞ்சியுள்ள வழவழப்பான பகுதியை மட்டுமே. காஸ் 1814இல் வகுத்த இவ்விதியின் சிறப்பு, பத்துப் புள்ளிகளிலேயே பத்தொன்பதாம் படி வரையான கோவைகளைப் பிழையின்றித் தொகையிடுவது. இந்த வழியில் வோல்ட்டெரா வகை மெல்வழுச் சமன்பாடுகளுக்கு ஜாக்கோபி புள்ளிப் பொருத்த முறையை வகுத்து, விடை போதிய வழவழப்புடன் இருந்தால் பிழை அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது என்று சீன அறிஞர்கள் யான்பிங் சென், தாவோ டாங் இருவரும் 2009, 2010 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நிறுவினர். அவர்கள் நிறுவலில் உள்ள நிபந்தனையை வாசிப்போர் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகின்றனர்: எடைச் சார்பு தொகையீட்டின் வழுவைத்தான் உள்வாங்குகிறது, விடையின் வழு அப்படியே நிற்கிறது.

இரண்டாம் தொல்லைக்கு மிக எளிய வழி மாறியையே மாற்றுவது. நேரத்தை இன்னொரு மாறியின் வர்க்கமாக எழுதினால், நேரத்தின் வர்க்கமூலம் அப்புதிய மாறியாகவே மாறிவிடுகிறது. விடையிலிருந்த செங்குத்துச் சரிவு சாதாரண நேர்கோட்டுச் சாய்வாகிறது. மேலே கூறிய சான்றில் இதன் விளைவு வியக்கத்தக்கது. புதிய மாறியில் விடை, கலப்பெண் தளம் முழுவதும் எங்கும் வழுவற்ற சார்பாக ஆகிறது. பழைய மாறியில் நூறாம் படிக் கோவை ஏறத்தாழ 0.003 அளவு பிழையோடு திணறும் இடத்தில், புதிய மாறியில் இருபதை ஒட்டிய படியே இரட்டைத் துல்லியத்தின் எல்லையை எட்டிவிடுகிறது. தொகையீடும் இதனால் கெடுவதில்லை: புதிய மாறியின் எந்த அடுக்கின் மீது அது செயல்பட்டாலும், அடுக்கை ஒன்று கூட்டி, ஒரு மாறிலியால் பெருக்கித் திருப்பித் தருகிறது. மாறிலி என்னும் முதல் உறுப்பு இரண்டால் பெருக்கப்பட்டுப் புதிய மாறியாகிறது. அது மீண்டும் பையின் பாதியால் பெருக்கப்பட்டு வர்க்கமாகிறது. விடையின் முதல் உறுப்புகளின் பெருக்கெண்கள் 2 என்றும் பை என்றும் வந்ததன் காரணம் இதுவே. பல்லுறுப்புக் கோவைகளின் வெளிக்குள்ளேயே தொகையீடு அடங்கிவிடுவதால், எண்வழிக் கணிப்பு ஏறத்தாழக் கையால் செய்யத்தக்க இயற்கணிதமாகச் சுருங்குகிறது.

அடுக்கு மூன்றில் ஒன்றாக இருந்தால் நேரத்தை ஒரு மாறியின் கனமாக எழுதலாம்; எந்த விகிதமுறு எண்ணுக்கும் பொருத்தமான அடுக்கு உண்டு. பகுதி பெரிய எண்ணாக இருக்கும்போதும், அடுக்கு விகிதமுறா எண்ணாக இருக்கும்போதும் இவ்வழி முட்டுகிறது. அப்போது விடை, முழுஎண் அடுக்குகளும் பின்ன அடுக்குகளும் தம்முள் கூடிப் பிறக்கும் இரட்டைத் தொடராக விரிகிறது. அடுக்கு விகிதமுறா எண்ணானால், இத்தகைய எந்த ஒரு மாறி மாற்றமும் எல்லா உறுப்புகளையும் ஒருசேர வழவழப்பாக்க இயலாது. அந்நிலையில் அடிப்படைச் சார்புகளையே மாற்ற வேண்டியிருக்கிறது. முழுஎண் அல்லாத அடுக்குகளை மட்டும் கொண்டு எல்லாத் தொடர்ச்சியான சார்புகளையும் தோராயம் செய்ய இயலுமா என்பதற்கு, அடுக்குகளின் தலைகீழ்களைக் கூட்டினால் அக்கூட்டல் எல்லையின்றி வளர வேண்டும் என்ற துல்லியமான நிபந்தனையை ஹெர்மன் மியுன்ட்ஸ் 1914இல் கண்டிருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து அத்தேற்றம் கணிப்பு முறையாக உயிர்பெற்று, மியுன்ட்ஸ் கோவைகளைக் கொண்ட நிறமாலை முறைகள் எழுந்தன. பின்ன அடுக்கால் பெருக்கப்பட்ட ஜாக்கோபி கோவைகளை, பின்ன வரிசை வகைக்கெழுக்களால் (இருமுறை செய்தால் ஒரு முழு வகையிடலாகும் அரை வரிசை வகையிடல் போன்றவற்றால்) ஆன செயலிகளின் ஐகன் சார்புகளாகவே பெறலாம் என்று சயெர்னோரியும் கார்னியடாக்கிஸும் 2013இல் காட்டியது இதே வரிசையில் வருவது.

மடக்கைக் கருவின் கதை இவற்றினும் அழகானது. நீண்ட மெல்லிய கடத்திப் பட்டை ஒன்றின் மீது மின்னூட்டம் எவ்வாறு பரவும் என்று கேட்டால், இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவின் மடக்கையைக் கருவாகக் கொண்ட முதல் வகைச் சமன்பாடு எழுகிறது. மின்னூட்டம் பட்டையின் இரு விளிம்புகளிலும் குவிந்து, விளிம்பிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக முடிவிலிக்கு ஏறுகிறது. இந்த நடத்தை செபிசேவ் கோவைகளின் எடைச் சார்பேதான். அவ்வெடையை அறியாச் சார்பிலிருந்து பிரித்தெடுத்து, எஞ்சியதைச் செபிசேவ் கோவைகளின் கூட்டாக எழுதினால், மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரையிலான இடைவெளியில் மடக்கைத் தொகையீடு ஒவ்வொரு செபிசேவ் கோவையையும் அதே கோவையாகவே திருப்பித் தருகிறது. அளவில் மட்டும் மைனஸ் பையை அதன் படியால் வகுத்த எண்ணால் பெருக்கப்படுகிறது. சுழியப் படிக் கோவைக்கு மட்டும் அப்பெருக்கெண், மைனஸ் பையை இரண்டின் இயல் மடக்கையால் பெருக்கியதாகும். சமன்பாட்டைத் தீர்க்க அணி எதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. வலப்பக்கத் தரவின் கெழுக்களை இவ்வெண்களால் வகுத்தாலே விடை வந்துவிடுகிறது. முடிவிலியைத் தொடும் கருவும், விளிம்புகளில் முடிவிலியைத் தொடும் விடையும் சேர்ந்து இவ்வளவு தூய ஒழுங்கைத் தருவது, செங்குத்துக் கோவைகளின் கொள்கையில் கிடைக்கும் மிகச் சிறந்த முத்துகளுள் ஒன்று. இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: பட்டையின் அகலம் சரியாக நான்கு அலகுகளாக இருந்தால் சுழியப் படிக்கான பெருக்கெண் சுழியமாகிவிடும், அப்போது சமன்பாட்டுக்கு ஒரே விடை என்ற உறுதி இல்லை. அலகை மாற்றிக்கொண்டால் தீரும் இச்சிக்கலை அறியாதோர், கணினி நிரலில் பிழை இருப்பதாக எண்ணி வீணாகத் தேடுவர்.

கோட்பாடு இவ்வளவு செழித்திருந்தும், நிறமாலை முறைகள் மீது நெடுநாள் ஒரு குறை சொல்லப்பட்டு வந்தது: அடிப்படைச் சார்புகள் இடைவெளி முழுவதும் பரந்திருப்பதால், கிடைக்கும் அணியில் பெரும்பாலான உறுப்புகள் சுழியமாக இருப்பதில்லை, அத்தகைய நிறைந்த அணியைத் தீர்க்கும் உழைப்பு, அதன் வரிசையின் கனத்துக்கு ஏற்பக் கூடும். இருபது அல்லது முப்பது கெழுக்களில் தீரும் கணக்குகளுக்கு இது பொருட்டன்று. பல ஆயிரம் கெழுக்கள் தேவைப்படும்போது மட்டுமே இடறுகிறது. அரை வரிசை போன்ற விகிதமுறு வரிசைத் தொகையீடுகளுக்கு, இருவேறு எடைகள் கொண்ட கோவைத் தொகுதிகளை ஒருங்கே எடுத்துக்கொண்டால், சுழியமல்லாத உறுப்புகள் மூலைவிட்டத்தை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் அடங்கும் அணிகளைப் பெறலாம் என்று ஹேலும் ஆல்வரும் 2018இல் காட்டியபின் அக்குறையும் பெருமளவு நீங்கியது. உழைப்பு கெழுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகச் சுருங்கியது.

தரவுகள் அளவீட்டிலிருந்து வரும் இடங்களில் வேறு விதமான கவனம் வேண்டும். மடக்கைச் சமன்பாட்டில் வலப்பக்கத்தின் கெழுக்கள் பையை அவற்றின் படியால் வகுத்த எண்ணால் வகுக்கப்படுவதைக் கண்டோர், நூறாம் கெழுவிலுள்ள அளவீட்டுப் பிழை முப்பது மடங்குக்கு மேல் பெருகி விடைக்குள் நுழைவதையும் காண வேண்டும். ஆபெலின் சமன்பாடும் இத்தகையதே: தலைகீழாக்கம் என்பது அரை வரிசை வகையிடலாதலால், அளவீட்டின் சிறு நடுக்கங்களைப் பெரிதாக்கும் இயல்பு அதற்கு உண்டு. சுடரின் ஒளிச்செறிவையோ நிலநடுக்க நேரங்களையோ கொண்டு கணிப்போர், துல்லியமான தரவுக்கு உரிய உயர்ந்த படிகளைப் பயன்படுத்தினால் இரைச்சலையே விடையாகப் பெறுவர். எத்தனை கெழுக்களோடு நிறுத்துவது என்பதை அளவீட்டின் தரமே முடிவுசெய்ய வேண்டும். நேரியல் அல்லாத வெப்பச் சமன்பாடுகளில் நியூட்டன் முறையால் மீண்டும் மீண்டும் திருத்த வேண்டியிருப்பதும், நீண்ட கால இடைவெளிகளைச் சில பெரும் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தீர்ப்பதும் நடைமுறைச் செய்திகள். இவற்றால் அடிப்படைக் கருத்து மாறுவதில்லை.

இவ்வளவு கருவிகள் இருந்தும், ஆய்வுக் கட்டுரைகளில் நிறமாலை முறையின் வெற்றியைக் காட்டப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படும் சோதனைக் கணக்குகள், விடை வழவழப்பாக அமையும்படி வலப்பக்கத்தை முன்கூட்டியே வடிவமைத்துக்கொண்டவை. விடையாக ஒரு கோவையையோ சைன் சார்பையோ முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற தரவைப் பின்னர் உருவாக்கினால் அடுக்குக்குறி வேகக் குவிவு கிடைப்பதில் வியப்பில்லை. இயற்கையில் எழும் சமன்பாடுகளில் தரவுதான் வழவழப்பாக இருக்கிறது; விடை தொடக்கத்தில் வர்க்கமூலமாகவே முறிகிறது. ஒரு முறை எவ்வளவு தகுதியுடையது என்பதை இவ்வகைச் சமன்பாடுகளில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்; மற்றவை முறையின் நிரல் சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பதற்கு மட்டுமே உதவும்.

எனவே இத்துறையில் கணிப்புகளைச் செய்யும் மாணவரும் பொறியியலாளரும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்வது நல்லது. விடையின் மதிப்புகளை நம்பிப் பயன்படுத்துவதற்கு முன், கெழுக்களின் அளவுகளை மடக்கை அளவுகோலில் வரைந்து பார்க்க வேண்டும். அவை நேர்கோட்டில் சரிந்து வட்டமிடல் பிழையின் அளவில் சமதளமானால், அடிப்படைச் சார்புகள் விடைக்குப் பொருந்தியிருக்கின்றன. முதலில் வேகமாக இறங்கிப் பின் மெல்ல மெல்லத் தவழ்ந்தால், ஏதோ ஒரு முனையில் கணக்கில் எடுக்கப்படாத வழு இருக்கிறது. அப்போது படியைக் கூட்டிக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, சமன்பாட்டின் கருவுக்குத் திரும்பி, அதன் அடுக்கைப் படித்து, மாறியையோ எடையையோ அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.